மழைக் கணக்கு அட்டவணையும் எக்ஸ்டிஎஸ் தந்த வேலையும்

சிங்கப்பூரின் சாங்கி, கிளமெண்டி, அங் மோ கியோ ஆகிய மூன்று வானிலை நிலையங்களின் தினசரி மழை அளவும், எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே உள்ள சமூகத் தோட்டத்து மழைமானியின் அளவும் ஒருவழியாக ஒரே அட்டவணைக்குள் வந்துவிட்டன. 2020, 2021 என்று இரண்டு வருடங்கள். நாளுக்கு ஒரு வரிசை, இடத்துக்கு ஒரு நெடுவரிசை. மொத்தம் 731 வரிசைகள், நான்கு நெடுவரிசைகள். சொல்லும்போது அரை மணி நேர வேலை மாதிரி இருக்கிறது. ஆனால் எந்த வரிசை எந்தத் தேதி, எந்த நெடுவரிசை எந்த இடம் என்று அட்டவணைக்குப் புரியவைப்பதற்கே சில வார இறுதிகள் போய்விட்டன. அதற்குப் பிறகு கூட்டல் கழித்தல் எல்லாம் ஒரு மாலையில் முடிந்தது.

பயன்படுத்தியது புள்ளிவிவரக் கணக்குக்கான ஆர் நிரல்மொழி. அதன் மேல், தேதிவாரியான அளவுகளைக் கையாளும் ஜூ, எக்ஸ்டிஎஸ் என்ற இரண்டு தொகுப்புகள். எல்லாம் இலவசம். மடிக்கணினி பழையது, அதிலிருந்த ஆர் பதிப்பும் பழையது. இந்தப் பழைய பதிப்பு பின்னால் ஒரு வேலை காட்டும். மழைமானி, தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவருடையது. பிளாஸ்டிக் குழாயில் கோடு போட்டது, பத்து வெள்ளிக்குள் வாங்கியதாகச் சொன்னார். தினமும் காலை எட்டு மணிக்கு அளவு பார்த்து நோட்டுப்புத்தகத்தில் எழுதி வைக்கிறார்.

ஒரு சிறு குறிப்பு: கட்டளைகளை இங்கே உச்சரிப்புப்படி தமிழில் எழுதுகிறேன். தட்டச்சு செய்யும்போது ஆங்கிலச் சிற்றெழுத்துகளாக மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் ஆரோடு கூடவே வரும் டிஎஸ் என்ற காலத்தொடர் வகையை எடுத்தேன். அது தேதியைத் தனியாகச் சேமித்து வைப்பதில்லை. தொடக்கம், முடிவு, வருடத்துக்கு எத்தனை அளவுகள், இந்த மூன்று எண்கள்தான் அதனிடம் இருக்கின்றன. மாதக் கணக்குக்கு 12 என்று கொடுத்தால் ஜனவரி, பிப்ரவரி என்று தானே தலைப்பு போட்டு அழகாக அச்சிடும். தினசரிக் கணக்குக்கு 365 என்று கொடுத்தால் 2020இல் இடிக்கிறது, அது லீப் வருடம். பெரியவரின் நோட்டிலோ நடுவில் நாட்களே இல்லை. அதை விட்டுவிட்டு எக்ஸ்டிஎஸ்ஸுக்குப் போனேன். அதில் ஒவ்வொரு வரிசைக்கும் அதற்குரிய நேரம் ஒட்டிக்கொண்டிருக்கும், இடைவெளி சீராக இருக்க வேண்டியதில்லை.

கோப்புகளுக்கு வருவோம். சிங்கப்பூர் வானிலை ஆய்வகத்தின் தினசரி அளவுகளை நிலையத்துக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று என்று இறக்கிக்கொள்ளலாம். மூன்று நிலையம், 24 மாதம், ஆக 72 கோப்புகள். ஒவ்வொன்றிலும் நிலையத்தின் பெயர், வருடம், மாதம், நாள் தனித்தனி நெடுவரிசைகளில் இருக்கும். அதன் பிறகு மொத்த மழை, 30 நிமிட உச்ச மழை, வெப்பநிலை, காற்று என்று போகும். தலைப்புகளில் இடைவெளி உண்டு, மில்லிமீட்டர் என்று அடைப்புக்குறியும் உண்டு. ஆர் இதை வழக்கமான ரீட் சிஎஸ்வி கட்டளையால் படிக்கும்போது இடைவெளி, அடைப்புக்குறி எல்லாவற்றையும் புள்ளியாக்கிவிடும். 'டெய்லி ரெயின்ஃபால் டோட்டல்' என்ற தலைப்பு, நடுவில் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, கடைசியில் ஒரு புள்ளி என்று வந்து நிற்கும். 'செக் நேம்ஸ்' என்பதை 'ஃபால்ஸ்' என்று கொடுத்தால் தலைப்பு அப்படியே வரும். ஆனால் அதைக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் பின்சாய்ந்த மேற்கோள் குறிக்குள் போட வேண்டும். நான் தலைப்பை அப்படியே வரவிட்டு, 'டெய்லி ரெயின்ஃபால்' என்று தொடங்கும் நெடுவரிசையை மட்டும் தேடி எடுத்து, மற்றதைத் தூக்கிப் போட்டேன். 'ஐந்தாவது நெடுவரிசை' என்று எண்ணால் எடுக்கவில்லை. 72 கோப்புகளில் ஒன்றில் வரிசை மாறியிருந்தாலும் மழைக்குப் பதில் காற்றின் வேகம் வந்து உட்கார்ந்துவிடும், பார்த்தால் தெரியவும் தெரியாது.

அதற்கு முன்னால், எல்லா நெடுவரிசையையும் அப்படியே எக்ஸ்டிஎஸ்ஸில் தள்ளிப் பார்த்திருந்தேன். திரையில் எண்களுக்கெல்லாம் இரண்டு பக்கமும் மேற்கோள் குறி. கூட்டினால் பிழை. எக்ஸ்டிஎஸ் உள்ளுக்குள் ஒரு அணி, அதாவது மேட்ரிக்ஸ். மேட்ரிக்ஸுக்கு ஒரே வகைதான் தெரியும். எல்லாம் எண்ணாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாமே எழுத்தாகிவிடும். நிலையத்தின் பெயர் எழுத்து. போதாததற்கு, அளவு கிடைக்காத இடத்தில் கோப்பில் ஒரு நீளக் கோடு இருக்கும். அந்த ஒரு கோட்டுக்காக அந்த நெடுவரிசை முழுக்க எழுத்தாகிவிடும், எக்ஸ்டிஎஸ்ஸுக்குள் போனதும் பக்கத்தில் இருப்பவையும் சேர்ந்து எழுத்தாகிவிடும். ஆகவே படிக்கும்போதே 'என்ஏ ஸ்ட்ரிங்ஸ்' என்ற இடத்தில் அந்தக் கோட்டைக் கொடுத்து, அதை 'அளவு இல்லை' என்று மாற்றச் சொன்னேன்.

இதே கட்டளையைப் பெரியவரின் நோட்டைத் தட்டச்சு செய்து வைத்திருந்த கோப்புக்கும் போட்டேன். அவரும் பல நாட்களில் கோடுதான் போட்டிருந்தார். மாதக் கூட்டுத்தொகை ஒன்றுகூட வரவில்லை, எல்லாம் வெற்று. கீழே போய்க் கேட்டேன்.

"அங்கிள், இந்தக் கோடு போட்ட நாள்ல எல்லாம் அளவு பாக்கலையா?"

"பாக்காம என்ன தம்பி? பாத்தேன், மழை இல்ல. அதான் கோடு. போகாத நாளுக்கு எதுவுமே எழுத மாட்டேன்."

ஆக, ஆய்வகக் கோப்பில் கோடு என்றால் அளவு இல்லை, நோட்டில் கோடு என்றால் பூஜ்யம். நோட்டில் எதுவும் எழுதாத நாள்தான் அளவு இல்லாத நாள். கோவிட் முடக்கமான சர்க்கிட் பிரேக்கர் நடந்த 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை அவர் கீழே இறங்கவில்லை, அந்தப் பக்கங்கள் காலி. இந்த வேறுபாடு தெரியாமல் கூட்டியிருந்தால் மே மாதம் எங்கள் தோட்டத்தில் வறட்சி என்று வந்திருக்கும்.

அடுத்தது தேதி. வருடம், மாதம், நாள் மூன்றையும் ஒட்டி 'ஆஸ் டேட்' கட்டளைக்குக் கொடுத்தால் போதும். நான் அதோடு விடவில்லை. பின்னால் மணிக்கணக்கு அளவுகளும் சேர்க்கலாம் என்று எண்ணி, முதலில் 'பிஓசிக்ஸ் சிடி' என்ற நேர வகையாக மாற்றினேன். அது சிங்கப்பூர் நேரம் நள்ளிரவு 00:00 என்று வைத்துக்கொண்டது. தினசரி அளவுதானே என்று பிறகு அதைத் தேதியாக மாற்றினேன். இங்கேதான் அந்தப் பழைய ஆர் பதிப்பு வேலையைக் காட்டியது. நேரத்தைத் தேதியாக்கும்போது அது உலகப் பொது நேரப்படிதான் பார்க்கும். நமக்கு நள்ளிரவு என்றால் அங்கே முந்தைய நாள் மாலை நான்கு மணி. 731 நாட்களும் சத்தமில்லாமல் முந்தைய நாளின் தேதிக்கு நகர்ந்துவிட்டன.

இது உடனே தெரியாததற்குக் காரணம் உண்டு. பெரியவர் காலை எட்டு மணிக்குப் பார்த்து அன்றைய தேதியில் எழுதுகிறார். அது முந்தைய நாள் எட்டு மணியிலிருந்து பெய்த மழை. நிலையத்தின் நாளோ நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை. ஆகவே நோட்டு ஒரு நாள் பிந்தி இருக்கும் என்று நானே எதிர்பார்த்தேன். திரையில் நோட்டு பிந்தித்தான் இருந்தது. சரி, எட்டு மணிக் கணக்கு என்று விட்டுவிட்டேன். அது ஒரு நாளா இரண்டு நாளா என்று எண்ணிப் பார்க்கவில்லை.

காட்டிக்கொடுத்தது 2021 புத்தாண்டு மழை. அந்த ஜனவரி 1, 2 தேதிகளில் விடாமல் கொட்டியது இங்கே இருந்த யாருக்கும் மறந்திருக்காது. எக்ஸ்டிஎஸ்ஸில் சதுர அடைப்புக்குள் '2021-01-01/2021-01-03' என்று எழுதிக் கேட்டால் அந்த மூன்று நாட்களைக் கொடுக்கும். கேட்டேன். மழை ஒரு நாள் முன்னதாகவே முடிந்துபோயிருந்தது. மேலே தள்ளிப் பார்த்தால் 2020 டிசம்பர் 31இல் கொட்டுகிறது. மழை வருடமே மாறி உட்கார்ந்திருந்தது, டிசம்பர் மொத்தமும் ஜனவரி மொத்தமும் இரண்டுமே தவறு. 'பிஓசிக்ஸ் சிடி' வழியை அடித்துவிட்டு, எழுத்திலிருந்து நேராக 'டேட்' வகைக்குப் போனதும் சரியாகிவிட்டது. மணிக்கணக்கு வேண்டுமானால் 'டைம் ஜோன்' இடத்தில் 'ஆசியா/சிங்கப்பூர்' என்று ஒவ்வொரு கட்டளையிலும் எழுத்தாகவே கொடுக்க வேண்டும். பழைய அளவுகளோடு வேலை செய்பவர்களுக்கு இன்னொன்று: சிங்கப்பூர் நேரம் உலகப் பொது நேரத்தைவிட எட்டு மணி முந்தி என்பது 1982 ஜனவரி 1 முதல்தான். அதற்கு முன் ஏழரை மணி. அந்த மண்டலப் பெயரைக் கொடுத்தால் ஆர் இதையும் பார்த்துக்கொள்ளும். வெறுமனே எட்டு மணியைக் கூட்டினால் பார்த்துக்கொள்ளாது.

இனி வரிசைப் பெயர். மேலே சொன்ன மாதிரி தேதியை எழுத்தாகக் கொடுத்து வரிசையை எடுக்க முடிகிறது, அச்சிட்டால் இடது ஓரத்தில் தேதி வருகிறது. பார்க்கிறவர் யாரும் தேதிகள்தான் வரிசைப் பெயர்கள் என்று நினைப்பார்கள். நானும் 'ரோநேம்ஸ்' கட்டளையால் கேட்டேன். 'நல்' என்று பதில், அதாவது ஒன்றுமில்லை. சரி, நாமே வைப்போம் என்று ஒவ்வொரு வரிசைக்கும் 'வடகிழக்கு', 'தென்மேற்கு', 'இடைப்பருவம்' என்ற பருவப் பெயர்களை வரிசைப் பெயராகக் கொடுத்தேன். பிழை இல்லை, எச்சரிக்கை இல்லை. திரும்பக் கேட்டால் மறுபடியும் 'நல்'. நம் கட்டளையில்தான் கோளாறு என்று அதிலேயே கொஞ்ச நேரம் சுற்றினேன். கையேட்டைத் திறந்தால் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள்: வேகத்துக்காக எக்ஸ்டிஎஸ் வரிசைப் பெயர்களை வைத்துக்கொள்வதில்லை, கொடுத்தாலும் சத்தம் போடாமல் விட்டுவிடும், கட்டாயம் வேண்டுமென்றால் ஜூவைப் பயன்படுத்துங்கள். இந்த மௌனம் எனக்குப் பிடிக்கவில்லை. ஏற்காத வேலைக்கு ஒரு வரி எச்சரிக்கையாவது அச்சிட்டிருக்கலாம்.

ஓரத்தில் தெரியும் தேதி 'இண்டெக்ஸ்' என்ற தனி இடத்தில் எண்ணாக இருக்கிறது, 1970 ஜனவரி 1இலிருந்து எண்ணிய வினாடிகளாக. அச்சிடும்போதுதான் தேதி வடிவம். எடுக்க வேண்டுமானால் 'இண்டெக்ஸ்', அளவுகள் மட்டும் வேண்டுமானால் 'கோர்டேட்டா'. இது எண்ணாக இருப்பதன் பலன் நோட்டை நகர்த்தும்போது தெரிந்தது. 'இண்டெக்ஸ்' கட்டளை அந்த வினாடிகளைத் தேதி வகையாக்கித் தருவதால் அதில் 1 என்றால் ஒரு நாள். எட்டு மணிக் கணக்கைச் சரிசெய்ய நோட்டின் இண்டெக்ஸிலிருந்து 1ஐக் கழித்தேன், எல்லாத் தேதியும் முந்தைய நாளுக்குப் போய்விட்டது, மாத முடிவு, பிப்ரவரி 29 எதற்கும் தனியாக யோசிக்கவில்லை. தேதிகள் வரிசைப் பெயர்களாக, வெறும் எழுத்தாக இருந்திருந்தால் '2020-03-01' என்ற எழுத்திலிருந்து எதைக் கழிப்பது? இதையே 'லேக்' கட்டளையாலும் செய்யலாம், ஆனால் எக்ஸ்டிஎஸ்ஸில் 1 என்று கொடுத்தால் ஒரு திசையில் நகரும், ஜூவிலும் டிஎஸ்ஸிலும் எதிர்த் திசையில். இரண்டு தொகுப்பையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறவர் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

பருவப் பெயரை எங்கே வைப்பது? இன்னொரு நெடுவரிசையாகச் சேர்த்தால் எழுத்து உள்ளே வந்து மறுபடி மேற்கோள் குறித் தொல்லை. 1, 2, 3 என்று எண்ணாக வைத்து, எண்ணுக்கு என்ன பெயர் என்பதைத் தனியே ஒரு சிறு பட்டியலில் எழுதிவைத்தேன்.

நான்கையும் சேர்க்கும் கட்டம் 'மெர்ஜ்'. நான்கு அட்டவணைகளிலும் நெடுவரிசையின் பெயர் 'மழை' என்பதன் ஆங்கிலச் சொல்லாகவே இருந்தது. சேர்த்ததும் 'ரெயின்', 'ரெயின் புள்ளி 1', 'ரெயின் புள்ளி 2', 'ரெயின் புள்ளி 3' என்று வந்தது. கொடுத்த வரிசை நினைவிருக்கும்வரை பரவாயில்லை. மறுநாள் திறந்து பார்த்தால் எது கிளமெண்டி, எது அங் மோ கியோ என்று கோப்புகளைத் திரும்பத் திறந்து ஒப்பிட வேண்டியதாயிற்று. அடுத்து ஊர்ப் பெயரையே வைத்தேன். 'அங் மோ கியோ'வின் இரண்டு இடைவெளியும் புள்ளியாயின. நிலைய எண்ணை மட்டும், 24 என்று வைத்தால் முன்னால் ஒரு 'எக்ஸ்' ஒட்டிக்கொள்கிறது, எண்ணில் தொடங்கும் பெயர் ஆருக்கு ஆகாது. கடைசியில் ஆய்வகமே வைத்திருக்கும் குறியீடுகள்தான் கைகொடுத்தன: சாங்கி எஸ்24, கிளமெண்டி எஸ்50, அங் மோ கியோ எஸ்109. எழுத்தில் தொடங்குகிறது, இடைவெளி இல்லை, எந்தக் கட்டளையும் தொட்டு மாற்றுவதில்லை. தோட்டத்துக்கு 'நோட்டு' என்பதையே ஆங்கில எழுத்தில் வைத்துவிட்டேன். இந்தப் பெயர்களைச் சேர்ப்பதற்கு முன்பே ஒவ்வொன்றிலும் 'கோல்நேம்ஸ்' கட்டளையால் வைத்துவிட வேண்டும். சேர்த்த பிறகு வைப்பது சமைத்து முடித்த பிறகு டப்பாவில் உப்பு, சர்க்கரை என்று எழுதுவது மாதிரி.

ஒரு நெடுவரிசையை மட்டும் எடுக்கும்போதும் வேறுபாடு உண்டு. எக்ஸ்டிஎஸ்ஸில் ஒன்றை எடுத்தாலும் பெயரோடு வருகிறது. ஜூவில் பெயர் கழன்றுவிடும், 'ட்ராப்' என்பதை 'ஃபால்ஸ்' என்று கொடுத்தால்தான் நிற்கும்.

மாதக் கூட்டுத்தொகைக்கு 'அப்ளை மந்த்லி' என்ற கட்டளை. அதற்குள் 'சம்' கொடுத்தேன். நான்கு நெடுவரிசை இருந்த இடத்தில் ஒன்றுதான் வந்தது, பெயரும் இல்லை. எண்களும் மிகப் பெரியவை. சாங்கியில் ஒரு வருடச் சராசரியே சுமார் 2100 மில்லிமீட்டர்தான், ஒரே மாதத்தில் அதன் பாதியை நெருங்கினால் எங்கோ இடிக்கிறது என்று தெரிந்துவிடும். 'சம்' அந்த மாதத்தின் எல்லா நெடுவரிசைகளையும் சேர்த்துக் கூட்டிவிடுகிறது. 'கோல்சம்ஸ்' கொடுத்தால் நெடுவரிசைக்கு ஒன்றாக, பெயர்களும் கெடாமல் வருகிறது. நெடுவரிசைப் பெயர் காணாமல் போனால் கணக்கையும் சந்தேகப்படலாம் என்று இதில் பழகிக்கொண்டேன்.

இதன் இண்டெக்ஸ் மாதத்தின் கடைசி அளவு எந்தத் தேதியோ அந்தத் தேதிதான். நிலையத்துக்கு ஜனவரி 31, நோட்டில் கடைசியாக எழுதியது 29 என்றால் 29. தனித்தனியே மாதக் கணக்கு போட்டு அப்புறம் சேர்த்துப் பார்த்தபோது ஒரே மாதம் இரண்டு வரிசையாக வந்தது, ஒன்றில் இது வெற்று, இன்னொன்றில் அது வெற்று. ஜூவின் 'ஆஸ் இயர்மன்' கட்டளையால் இண்டெக்ஸை மாதமாக்கிய பிறகுதான் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தின.

வெளியே எழுதும்போது இன்னொரு பொறி. எக்ஸ்டிஎஸ்ஸை நேராக 'ரைட் சிஎஸ்வி'க்குக் கொடுத்தால் தேதிகள் போய்விடும், 1, 2, 3 என்று வரிசை எண்தான் மிஞ்சும். இல்லாத வரிசைப் பெயரை அது எங்கிருந்து எடுக்கும்? 'டேட்டா ஃபிரேம்' ஆக்கிக் கொடுத்தால் தேதி வரும், ஆனால் அந்த நெடுவரிசைக்குத் தலைப்பு காலி. திரும்பப் படித்தால் 'எக்ஸ்' என்று ஒரு நெடுவரிசை முளைக்கும். 'ரைட் ஜூ'தான் சரி, 'இண்டெக்ஸ்' என்று தலைப்போடு எழுதுகிறது, 'ரீட் ஜூ' அதை அப்படியே திரும்பப் படிக்கிறது. காற்புள்ளி பிரிப்பானையும், படிக்கும்போது தலைப்பு வரிசை உண்டு என்பதையும் நாம் சொல்ல வேண்டும்.

வரைபடத்தில் மட்டும் தமிழ்ப் பெயர்கள். குறியீட்டுக்கு எதிரே ஊர்ப் பெயரை எழுதிய சிறு பட்டியலை வைத்து, வரையும் கட்டத்தில் மாற்றுகிறேன். முதல் படத்தில் 'சாங்கி' நன்றாக வந்தது. 'அங் மோ கியோ'வில் கொம்பும் காலும் இரண்டும் எழுத்துக்குப் பின்னால் போய் விழுந்திருந்தன. எழுத்துருவை ஏற்றித் தருகிற தொகுப்பு ஒவ்வொரு குறியையும் தட்டச்சான வரிசையிலேயே வரைகிறது, தமிழுக்கு வேண்டிய இடமாற்றத்தைச் செய்வதில்லை. 'ராக்' என்ற படத் தொகுப்புக்கு மாறினேன், கொம்பு முன்னால் வந்தது.

அடுத்த முறை செய்தால் 72 கோப்புகளையும் திறப்பதற்கு முன்பே குறியீட்டுப் பட்டியலை எழுதி வைப்பேன், மழை நினைவிருக்கும் ஒரு தேதியைத் தேர்ந்து முதல் கோப்பிலேயே சரிபார்ப்பேன், ஆரையும் புதுப்பித்துவிட்டுத்தான் தொடங்குவேன். பெரியவர் 2022 நோட்டையும் கொடுத்திருக்கிறார். அதில் மார்ச் முதல் அளவு பார்த்த நேரத்தையும் எழுதியிருக்கிறார், சில நாள் எட்டு, சில நாள் ஒன்பதரை. ஒரு நாளைக் கழிக்கும் என் சூத்திரம் அந்தப் பக்கங்களுக்கு அப்படியே போதாது. ஒன்பதரை வரை பெய்த காலை மழையை எந்தத் தேதியில் போடுவது என்று இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும்.